பழைய தமிழ்ப் பக்கம் கைப்பேசியில் ஏன் சிதைகிறது?



2000ஆம் ஆண்டுவாக்கில் இணையத்தில் ஏற்றிய ஒரு தமிழ்ப் பாடத்தை இன்று கைப்பேசிச் செயலியில் போட்டுப் பாருங்க. ரெண்டு விதமான கோளாறு வரலாம். ஒன்று, கோணக் குறிகளுக்குள் இருக்கும் கட்டளைகள் பாடத்தோடு சேர்ந்தே தெரியும். மற்றொன்று, தமிழே தெரியாது. மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்தான் வரும்.

முதல் கோளாறு சின்னது. ஆண்ட்ராய்டின் சாதாரண உரைப்பெட்டி, குறிச்சொற்களையும் வெறும் எழுத்தாகவே காட்டும். எச்டிஎம்எல் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தால் தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் வந்துடும். அட்டவணை மட்டும் வராது. அதுக்கு வெப்வியூ வேணும்.

இரண்டாவது கோளாறுக்கு வரலாறு தெரியணும்.

எச்டிஎம்எல் முறையை டிம் பெர்னர்ஸ் லீ, செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1990வாக்கில் உருவாக்கினார். உரை வேறு, அதைப் பற்றிச் சொல்லும் குறிச்சொல் வேறு. குறிச்சொல்லை நீக்கினாலும் உரை உரையாகவே நிற்கணும்.

தமிழில் அது நிற்கவில்லை. அன்றைய 8 பிட் முறையில் மொத்தம் 256 இடங்கள்தான். முதல் 128 ஆங்கிலத்துக்கு. ஐரோப்பிய எழுத்துகள் இருந்த மீதி இடத்தில் நம்மவர்கள் தமிழை வைத்தார்கள். ‘இதைத் தமிழ் எழுத்துருவில் காட்டு’ என்ற செய்தி குறிச்சொல்லில் இருந்தது. அதாவது, இது தமிழ் என்ற தகவல் உரைக்குள் இல்லை, அதன் உடுப்பில் இருந்தது. செயலி உடுப்பைக் கழற்றியதும் தமிழும் போயிடுது.

இந்த வரலாற்றில் நம் வட்டாரத்துக்குப் பெரிய பங்குண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். ஆனால் குறியீடுகள் பலவாக இருந்தன. ஒரே எண், ஒரு முறையில் ஓர் எழுத்து, இன்னொரு முறையில் வேறெழுத்து. இதைப் பேசித் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. 1999இல் சென்னை மாநாடும் நடந்தது.

யூனிகோடு 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 அந்த எண்முறையையே ஏற்றுக்கொண்டது. ஆனால் தமிழைச் சேர்த்துக் காட்டும் திறன் விண்டோசுக்கு வந்தது விண்டோஸ் 2000இல்தான். அதனால் பழைய முறைகள் பல ஆண்டுகள் நீடித்தன.

மாற்றும்போது ஒன்றைக் கவனிங்க. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடு முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. எழுத்துரு சார்ந்த பழைய முறைகளில் கொம்புதான் முதலில். ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றணும்.

மாணவர்களே, இணையத் தமிழ் வளர்ச்சி பற்றிக் கேட்டால் ஆண்டுகளை மட்டும் அடுக்காதீங்க. தமிழ் என்ற தகவல் எழுத்துருவிலிருந்து உரைக்குள் வந்ததுதான் திருப்பம். அதைக் காரணத்தோடு எழுதுங்க.

ஆசிரியர்களே, உங்கள் பழைய பாடங்களும் தேர்வுத்தாள்களும் எந்த எழுத்துருவில் இருக்கு என்று இன்றே குறித்து வைங்க. அந்தப் பெயர் தெரிந்தால் மாற்றுவது எளிது. பெயர் தொலைந்தால், ஒவ்வொரு குறியீடாகப் போட்டுப் பார்த்துத்தான் பாடத்தை மீட்கணும்.