1957 புத்தாண்டு: தென்மாநில பாப்டிஸ்ட் திருச்சபைகளின் செய்தியும் திட்டமும்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினத் திருச்சபைகளில் புத்தாண்டு என்பது வெறும் நாட்காட்டி மாற்றமன்று. அடிமை முறை நிலவிய காலத்தில் ஜனவரி 1 கணக்குத் தீர்க்கும் நாள். கடன்பட்ட பண்ணையார்கள் தம் அடிமைகளை விற்றதும், விற்காதவர்கள் அவர்களை ஓராண்டு வாடகைக்கு வேற்றிடம் அனுப்பியதும் பெரும்பாலும் அன்றுதான். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம் எனக் குடும்பங்கள் சிதறிய நாளாகையால் 'நெஞ்சுடையும் நாள்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 1862 டிசம்பர் 31 இரவு அதே மக்கள் விடியலுக்காக விழித்திருந்தனர். மறுநாள் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரவிருந்தது. ஆண்டின் கடைசி இரவை ஆலயத்தில் கழிக்கும் வழக்கம் அதற்கு முன்பே மெதடிஸ்டுகளிடம் இருந்ததுதான். நம்மூர்த் தேவாலயங்களிலும் அந்த நள்ளிரவு ஆராதனை உண்டு. ஆயினும் கறுப்பினச் சபைகளில் அவ்விரவுக்கு ஏறிய பொருள் வேறு. ஜனவரி 1 விடுதலை நாளாயிற்று. சென்ற ஆண்டின் காயங்களை எண்ணிப் பார்ப்பதும், வரும் ஆண்டில் செய்ய வேண்டியதைப் பேசுவதும் அந்நாளின் வழக்கங்களாயின.

இப்பின்னணியில்தான் 1957ஆம் ஆண்டின் முதல் பதினொரு நாட்களை நாம் பார்க்க வேண்டும். அமெரிக்க வரலாற்று நூல்கள் பல அந்நாட்களை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு முடிந்தது, பிறகு ஓர் அமைப்பு உருவானது என்று இரண்டு வாக்கியங்கள், அவ்வளவே. அவ்விரு வாக்கியங்களுக்கு இடையில் இடிந்த ஆலயங்கள் கிடக்கின்றன.

பாப்டிஸ்ட் என்றதும் பெரியவரான பின் நீரில் முழுக்கு ஞானஸ்நானம் பெறுபவர்கள் என்பதே பொதுவாக நம் நினைவுக்கு வரும். வரலாற்று நோக்கில் அவர்களுடைய இன்னொரு இயல்பே முக்கியமானது. பாப்டிஸ்டுகளுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னளவில் ஒரு சிற்றரசு. போதகரை அழைப்பதும், சம்பளம் தருவதும், பிடிக்காவிட்டால் அனுப்பிவைப்பதும் சபையாரே. சபைகள் சேர்ந்து சங்கங்களும் மாநாடுகளும் அமைத்துக்கொள்வதுண்டு. ஆனால் அவற்றால் எந்தச் சபைக்கும் கட்டளையிட முடியாது. தென்மாநிலங்களில் கறுப்பின ஆசிரியரை வெள்ளையரின் கல்வி வாரியம் நீக்கிவிடலாம். வீட்டுவேலை செய்யும் பெண்ணை எசமானி மறுநாளே வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கறுப்பினப் பாப்டிஸ்ட் போதகரை மட்டும் எந்த வெள்ளையரும் வேலையைவிட்டு நீக்க முடியாது. அவருக்கு உணவளித்தவர்கள் அந்த ஆசிரியரும் அந்த வீட்டுவேலைப் பெண்ணும்தான். ஒரு போராட்டத்தின் முன்வரிசையில் இத்தனை போதகர்கள் நின்றதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. இந்தச் சம்பளக் கணக்கும் ஒரு காரணம்.

இச்சபைகள் திட்டமிடலுக்குப் புதியவையும் அல்ல. 1954இல் மான்ட்கோமரியின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் திருச்சபைக்குப் பொறுப்பேற்ற மார்ட்டின் லூதர் கிங், அந்நிதியாண்டுக்கான பரிந்துரைகளை எழுத்திலேயே சபைமுன் வைத்தார். சபையாரைப் பிறந்த மாதப்படி பன்னிரண்டு குழுக்களாகப் பிரிப்பது அவற்றில் ஒன்று. ஒவ்வோர் உறுப்பினரும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. அப்போது அவருக்கு வயது 25. அந்த ஆவணத்தில் புரட்சியின் சாயலே இல்லை; ஒரு கண்டிப்பான நிர்வாகியின் குரல்தான் உள்ளது. ஆனால் அடுத்த ஆண்டு பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது கைகொடுத்தது இத்தகைய நிர்வாகப் பழக்கமே. 1955 டிசம்பர் 4 ஞாயிறன்று புறக்கணிப்புச் செய்தியைப் பரப்பியதில் பிரசங்க மேடை அறிவிப்புகளுக்குப் பெரும்பங்குண்டு. பின்னர் மக்களை ஏற்றிச் செல்லச் சபைகளின் பெயரிலேயே வண்டிகள் வாங்கப்பட்டன. பக்கவாட்டில் திருச்சபைப் பெயர் எழுதிய அவை 'உருளும் ஆலயங்கள்' எனப்பட்டன. காப்பீட்டு நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கைவிட்டபோது லண்டனின் லாயிட்ஸ் வழியே காப்பீடு பெறப்பட்டது. புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. 1953இலேயே லூசியானாவின் பாட்டன் ரூஜில் இதே முறையில் வாகன ஏற்பாட்டை நடத்திக் காட்டிய டி. ஜே. ஜெமிசனும் ஒரு பாப்டிஸ்ட் போதகரே.

1956 டிசம்பர் 21 அன்று மான்ட்கோமரிப் பேருந்துகளில் எவரும் எங்கும் அமரலாம் என்றாயிற்று. இரண்டே நாட்களில் கிங்கின் வீட்டுக் கதவைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. ஓடும் பேருந்துகள்மீது மறைந்திருந்து சுட்டனர். கருவுற்றிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கால்களில் குண்டு பாய்ந்தது. அண்டை நகரமான பர்மிங்ஹாமில் கிறிஸ்துமஸ் இரவு, பெத்தேல் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் கட்டிலில் படுத்திருந்தபோது வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இடிபாட்டிலிருந்து அவர் உயிருடன் எழுந்து வந்தார். மறுநாள் காலை, முன்பே திட்டமிட்டிருந்தபடி, தம் ஆட்களுடன் பேருந்தில் ஏறி வெள்ளையர் பகுதியில் அமர்ந்தார். இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலபாமா மாநிலம் 1956 ஜூனில் கறுப்பினத்தவரின் பழம்பெரும் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யை நீதிமன்றத் தடையாணை வழியே முடக்கியிருந்தது. சில நாட்களிலேயே ஷட்டில்ஸ்வொர்த் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் மக்களைக் கூட்டிப் புதிய அமைப்பைத் தொடங்கிவிட்டார். சங்கத்துக்குத் தடை வாங்கலாம். ஞாயிறு ஆராதனைக்கு எவரும் தடை வாங்கத் துணியவில்லை. எனவே வெடிமருந்தை எடுத்தார்கள்.

1957 ஜனவரி 1 அன்று அட்லாண்டாவில் நடந்த விடுதலை நாள் கூட்டத்தில் கிங் உரையாற்றினார். ஒன்பது நாட்கள் கழித்து அதே நகரின் எபனேசர் பாப்டிஸ்ட் திருச்சபையில், அதாவது அவருடைய தந்தையார் போதகராக இருந்த ஆலயத்தில், தென்மாநிலத் தலைவர்கள் கூட ஏற்பாடாகியிருந்தது. அவரவர் ஊரில் தனித்தனியே நடக்கும் பேருந்துப் போராட்டங்களை இணைப்பது எப்படி என்பதே பேச்சின் பொருள். அதற்கான விவாதத் தாள்கள் நியூயார்க்கில் தயாராகின. அவற்றை எழுதிய பேயர்ட் ரஸ்டின் குவேக்கர் மரபில் வளர்ந்தவர். 1948இல், காந்தி மறைந்த அதே ஆண்டில், இந்தியா வந்தவர். எல்லா பேக்கர், ஸ்டான்லி லெவிசன் இருவரும் அவருடன் கலந்துபேசினர். மொத்தம் ஏழு தாள்கள். பேருந்துப் போராட்டத்தின் பொருளென்ன, அதன் வெற்றியிலிருந்து வாக்குரிமைக்கு நகர்வது எப்படி, அறப்போருக்குப் பயிற்சி பெற்ற தொண்டர் குழு வேண்டுமா என்றெல்லாம் அவை வினாக்களை எழுப்பின. பிரசங்கத்துக்குப் பழகிய போதகர்களிடம் முடிவுகளைக் கொடுக்காமல் வினாக்களைக் கொடுத்தது நல்ல உத்தி என்றே நாம் கருதுகிறோம். கட்டளையை ஏற்காத மரபு கேள்விக்குத் தலைசாய்க்கும்.

ஜனவரி 10 வியாழன். கூட்டம் தொடங்கவில்லை; இன்னும் விடியவுமில்லை. கிங்குடன் அட்லாண்டாவில் தங்கியிருந்த ரால்ஃப் அபர்நாதிக்கு மான்ட்கோமரியிலிருந்து தொலைபேசி வந்தது. அழைத்தவர் அவருடைய மனைவி ஜுவனிட்டா. வீட்டின்மீது குண்டு வீசப்பட்டிருந்தது. அவர் அப்போது கருவுற்றிருந்தார்; கைக்குழந்தையும் உடனிருந்தது. இருவருக்கும் காயமில்லை. செய்திகள் அத்துடன் நிற்கவில்லை. பெல் ஸ்ட்ரீட், ஹட்சின்சன் ஸ்ட்ரீட், மவுண்ட் ஆலிவ், அபர்நாதியின் சொந்தச் சபையான ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் என நான்கு பாப்டிஸ்ட் ஆலயங்கள் அந்த ஓரிரவில் தாக்கப்பட்டன. கறுப்பினச் சபையொன்றுக்குப் போதகராக இருந்த வெள்ளையர் ராபர்ட் கிரேட்ஸின் வீடும் தப்பவில்லை. அவர் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்.

ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் ஆலயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின், வெள்ளையரின் ஆலயத்தில் மாடத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் 1867இல் பிரிந்துவந்து அமைத்த சபை அது. பழைய கட்டடம் தீக்கிரையானபின் புதியதை எழுப்பப் பணமில்லை. சபையார் நாளுக்கொரு செங்கல் கொண்டுவர வேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். ஐந்தாண்டுகளில், 1915இல், கட்டடம் நிறைவுற்றது. 'நாளொரு செங்கல் ஆலயம்' என்பது அதன் மக்கள் பெயர். குண்டு வைத்தவர்களுக்கு இக்கதை தெரிந்திருக்குமா என்பது வேறு. அவ்வாலயத்தின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் நடை இருந்தது.

கிங்கும் அபர்நாதியும் உடனே மான்ட்கோமரிக்குப் புறப்பட்டனர். அறுபது பேர் வந்திருக்கும் மாநாட்டை என்ன செய்வது? ஒத்திவைத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கூட்டம் நடந்தது. தலைமைப் பொறுப்பைக் கொரெட்டா ஸ்காட் கிங்கும் ஷட்டில்ஸ்வொர்த்தும் ஏற்றனர். தம் வீடு தகர்க்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத ஒருவர், நான்கு ஆலயங்கள் தகர்ந்த நாளில், ஏழு தாள்களின் வினாக்களை வரிசையாக விவாதத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்! இவ்வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்ப்பது இக்காட்சியே. மேடைப் பேச்சுகளை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலைக் கைவிடாத இந்தப் பிடிவாதத்தை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மறுநாள் கிங் திரும்பிவந்தார். ஜனாதிபதி ஐசனோவர் தெற்கே வந்து சட்டத்துக்குக் கீழ்ப்படியுமாறு வெளிப்படையாகப் பேச வேண்டும் எனக் கூட்டம் தந்தி வழியே கோரியது. துணை ஜனாதிபதி நிக்சனும் தென்மாநிலங்களைச் சுற்றிப் பார்க்கக் கேட்டுக்கொள்ளப்பட்டார். ஐசனோவர் மறுத்துவிட்டார். பிப்ரவரி 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஏ. எல். டேவிஸின் நியூ சயன் பாப்டிஸ்ட் திருச்சபையில் மீண்டும் கூடி அமைப்பை நிறுவினர், கிங் தலைவரானார். ஆகஸ்டில் மான்ட்கோமரியில் கூடியபோது 'தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு' என்ற பெயர் நிலைத்தது. இதற்கிடையில் மே 17 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ 25,000 பேர் திரண்டனர். அதே மே மாதத்தின் இறுதியில், மான்ட்கோமரிக் குண்டுவெடிப்புகளுக்காக விசாரிக்கப்பட்ட இருவரை, ஒப்புதல் வாக்குமூலங்கள் இருந்தும், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு விடுவித்தது.

புதிய அமைப்பு பாப்டிஸ்ட் மரபின் பிள்ளையாகவே இருந்தது. பிற சபையாரும், குறிப்பாக மொபைல் நகரின் மெதடிஸ்ட் போதகர் ஜோசப் லோவரியும் அதில் முக்கியப் பங்காற்றினர். ஆயினும் தனிநபர் உறுப்பினர் இல்லாமல், ஊர்தோறும் உள்ள அமைப்புகளும் சபைகளும் இணைந்த கூட்டமைப்பு என்ற வடிவம் பாப்டிஸ்டுகளுக்கு மிகப் பழகியது. ஓரிடத்தில் அடித்தால் முழுவதும் சாயாது என்பது இதன் வலு. எவரையும் எதற்கும் கட்டாயப்படுத்த முடியாது என்பது இதன் நலிவு. எல்லா பாப்டிஸ்ட் சபைகளும் கிங்கின் பக்கம் நின்றன என்பதும் பிற்காலக் கற்பனை. தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டின் தலைவர் ஜே. எச். ஜாக்சன் நேரடிப் போராட்டங்களை எதிர்த்தார். அப்பிணக்கு முற்றி 1961இல் சபைகள் பிளந்து, முற்போக்குத் தேசிய பாப்டிஸ்ட் மாநாடு பிறந்தது. பாட்டன் ரூஜின் ஜெமிசன் ஜாக்சனின் பக்கத்திலேயே தங்கிவிட்டார்.

இன்னொரு குறையும் உண்டு. பிரசங்க மேடை ஆண்களுடையதாகவே இருந்தது. ஜனவரி 10 அன்று கொரெட்டா தலைமை ஏற்றது அவசரகால ஏற்பாடு. பொறுப்பாளர் பட்டியலின் உயரிடங்களைப் போதகர்களே நிரப்பினர். வாக்காளர் பதிவுக்கான 'குடியுரிமை அறப்போர்' திட்டத்தை 1958 பிப்ரவரி 12 அன்று, லிங்கனின் பிறந்த நாளில், இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஒரே நேரத்தில் தொடங்குவதென முடிவாயிற்று. அதை நடத்திக் கொடுக்க 1958 ஜனவரியில் அட்லாண்டாவுக்கு அனுப்பப்பட்டவர் எல்லா பேக்கர். பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் பேத்தி அவர். அப்போது வயது 54. அமைப்புக்கு அலுவலகம் இல்லை. அவருக்கென்று தொலைபேசியும் இல்லை. பொதுத் தொலைபேசிகளிலிருந்து ஊர் ஊராகப் போதகர்களை அழைத்தார். பகல் வேலை முடிந்து எபனேசர் ஆலயத்தின் பிரதி எடுக்கும் இயந்திரம் ஓய்ந்தபின், அதில் சுற்றறிக்கைகளை ஓட்டினார்.