பெண்கள் மீதான அரச வன்முறையும் பிரித்தானியப் பாராளுமன்றமும் (1909–1913): ஜோர்ஜ் லான்ஸ்பரியின் எதிர்ப்புக் குறித்து ஒரு நோக்கு

பாராளுமன்ற வரலாற்றை எழுதுவோர், நிறைவேறிய சட்டங்களையும் வெற்றிபெற்ற பிரேரணைகளையும் கொண்டே ஓர் உறுப்பினரின் பணியை மதிப்பிடுவது வழக்கம். இவ்வளவுகோலின்படி நோக்குமிடத்து, 1912ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆந் திகதி பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் தொழிற்கட்சி உறுப்பினர் ஜோர்ஜ் லான்ஸ்பரி எழுப்பிய குரலுக்கு எவ்விதப் பெறுபேறும் கிட்டவில்லை. சபாநாயகர் அவரை வெளியேறுமாறு பணித்தார். சபை தனது அலுவலைத் தொடர்ந்தது. எனினும், பெண்கள் மீது பகிரங்கமாகவும் சட்டத்தின் பெயராலும் இழைக்கப்பட்ட வன்முறையை அக்காலப் பாராளுமன்றம் எவ்வாறு நோக்கியது என்பதை அறிய விழைவோர்க்கு அந்நாளைய நிகழ்ச்சி பல சட்டமூலங்களைக் காட்டிலும் பயனுடையதாகும்.

அன்று விவாதத்திற்குரியதாயிருந்தது, வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறையில் உண்ணாவிரதமிருந்த பெண்களுக்குப் பலவந்தமாக உணவூட்டும் நடைமுறையாகும். உரிய உறுதிமொழியை அளித்தால் அக்கைதிகளுள் எவரும் அன்று மாலையே விடுதலை பெறலாம் என்று பிரதமர் அஸ்குவித் கூறினார். தம் கொள்கையைக் கைவிட்டாலன்றி அவ்வுறுதிமொழியை அப்பெண்கள் அளிக்க இயலாது என்பது பிரதமருக்குத் தெரியும் எனக் குறுக்கிட்டார் லான்ஸ்பரி. அத்துடன் நில்லாது, தமது ஆசனத்தை விட்டகன்று அரசாங்க முன்வரிசையை நெருங்கி, குற்றமற்ற பெண்களைச் சித்திரவதை செய்தவர் என்றே வரலாறு அவரை நினைவுகூரும் என்று பிரதமரின் முகத்திற்கெதிரே உரத்துக் கூறினார். பத்திரிகைகள் பல இதனை நாகரிகமற்ற செயலாகக் கண்டன. அவையின் ஒழுங்கு குலைந்தமை உண்மையே. ஆனால் அவ்வொழுங்கு அதுகாறும் எதனை மறைத்து நின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது. இதன்பொருட்டு மூன்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1909 யூலையில் மரியன் வொலஸ் டன்லொப் என்பார் சிறையில் உண்ணாவிரதத்தைத் தொடங்கி 91 மணித்தியாலங்களின் பின் விடுவிக்கப்பட்டார். ஏனையோரும் இவ்வழியைப் பின்பற்றவே, அவ்வாண்டு செப்ரெம்பரில் பேர்மிங்ஹாம் வின்சன் கிறீன் சிறையில் பலவந்தமாக உணவூட்டல் ஆரம்பமாயிற்று. காவற்பெண்கள் பலர் கைதியை அழுத்திப் பிடிக்க, மருத்துவர் மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ இறப்பர்க் குழாயைச் செலுத்தித் திரவ உணவை ஊற்றுவதே இம்முறையாகும். பாராளுமன்றத்தில் இது பற்றிக் கேள்வி எழுந்தபோது, உள்நாட்டமைச்சின் சார்பில் பதிலளித்த மாஸ்ரமன் இதனை மருத்துவமனைச் சிகிச்சை என வருணித்தார். தொழிற்கட்சியின் கெயர் ஹார்டி அவ்வருணனையை ஏற்க மறுத்து, இது அருவருக்கத்தக்க கொடுமை என்றார். அவ்வேளை ஆளுங்கட்சி ஆசனங்களிலிருந்து எழுந்தது சிரிப்பொலி. அச்சிரிப்பு ஹார்டியைப் பெரிதும் பாதித்தது. அது குறித்துப் பத்திரிகைக்கும் எழுதினார்.

சொல்லொன்றின் பணியை நாம் இங்குக் கவனித்தல் தகும். சிகிச்சை என்று பெயரிடப்பட்டதும் வன்முறை நிருவாக விடயமாகி விடுகின்றது; அதன்மேல் விவாதம் நடத்துவோர் உணர்ச்சிவயப்பட்டோராகத் தோற்றமளிக்கின்றனர். மருத்துவர்கள் 116 பேர் இதனைக் கண்டித்துப் பிரதமருக்கு மகஜர் அனுப்பினர். தாம் பணியாற்றிய லிபரல் பத்திரிகை இந்நடைமுறையை ஆதரித்தமையால் பிரேல்ஸ்போர்ட், நெவின்சன் ஆகிய இரு எழுத்தாளர்கள் அதிலிருந்து விலகினர். நீதிமன்றமோ, மேரி லீ என்னும் கைதி உள்நாட்டமைச்சர் கிளாட்ஸ்ரனுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், கைதியின் உயிரைக் காப்பது சிறை மருத்துவரின் கடமை என்று கூறி 1909 டிசெம்பரில் அரசின் நிலைப்பாட்டுக்கே அரண் செய்தது.

இச்சிகிச்சை யாவர்க்கும் ஒரே தன்மையதாய் இருந்ததா? இதற்கு விடை தந்தவர் கொன்ஸ்ரன்ஸ் லிற்றன் சீமாட்டி. இவர் இந்தியாவின் வைசிறோயாக விளங்கிய லிற்றன் பிரபுவின் மகள். (தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் அப்பிரபுவின் ஆட்சிக் காலத்தது என்பது தமிழ் வாசகர் அறிந்ததே.) 1909இல் நியூகாசிலில் சிறைப்பட்டபோது இவரது இதயத்தைப் பரிசோதித்து, நோயுண்டெனக் கண்டு விடுவித்தனர். 1910 யனவரியில் ஜேன் வோர்ட்டன் என்ற பெயருடன், ஏழைத் தையற்காரியின் உடையில், லிவர்பூல் வோல்ற்றன் சிறையை அடைந்தார். இம்முறை இதயத்தைச் சோதிப்பார் எவருமிலர். அவர் யாரென்பது வெளிப்படுமுன் எட்டு முறை பலவந்தமாக உணவூட்டப்பட்டது. உடல் ஒன்றே; நோயும் ஒன்றே; மாறியது வர்க்க அடையாளம் மட்டுமே. வர்க்கமும் பால்நிலையும் ஒன்றையொன்று எவ்வாறு ஊடறுக்கின்றன என்பதற்கு இதனினும் துலக்கமான சான்று அக்கால வரலாற்றில் அரிது.

சிறைக்கூடத்தில் மறைவாக நிகழ்ந்தது, 1910 நவம்பர் 18ஆந் திகதி வெள்ளிக்கிழமை வீதியில் நிகழ்ந்தது. சொத்துரிமை பெற்ற பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் இணக்கச் சட்டமூலம் அவ்வாண்டு யூலையில் இரண்டாம் வாசிப்பில் 110 மேலதிக வாக்குகளால் ஏற்கப்பட்டிருந்தும், அதற்கு மேலும் நேரம் ஒதுக்க அஸ்குவித் இணங்கவில்லை. அன்று அவர் பாராளுமன்றக் கலைப்பை அறிவித்ததும், கக்ஸ்ரன் மண்டபத்திற் கூடியிருந்த ஏறத்தாழ 300 பெண்கள் சிறு சிறு குழுக்களாகப் பாராளுமன்றத்தை நோக்கிச் சென்றனர். ஆறு மணித்தியாலம் வரை பொலிஸாரும் கூட்டத்திலிருந்த ஆடவர் சிலரும் அவர்களை அடித்தும் தள்ளியும் இழுத்தும் துன்புறுத்தினர். நடக்கவியலாது சக்கர நாற்காலியிற் சென்ற றோசா மே பிலிங்ஹேர்ஸ்ற் என்பாரும் இதற்கு விலக்காகவில்லை. முகத்தைக் கைகளால் மூடியவாறு தரையில் வீழ்ந்து கிடந்த ஒரு பெண்ணின் நிழற்படம் மறுநாட் பத்திரிகையின் முகப்பில் வெளியாயிற்று. கைதான 115 பெண்கள், 4 ஆண்கள் ஆகியோருள் பெரும்பாலானோர் மீதான வழக்குகள், உள்நாட்டமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலின் தீர்மானப்படி, மறுநாளே கைவிடப்பட்டன. வழக்கில்லையேல் சாட்சியமும் இல்லை என்பது கவனத்திற்குரியது.

அச்சாட்சியத்தைத் திரட்டும் பொறுப்பை பிரேல்ஸ்போர்ட்டும் மருத்துவர் ஜெசி மறேயும் மேற்கொண்டனர். அவர்கள் தொகுத்த 135 வாக்குமூலங்களுள் 29 பாலியல் ரீதியான இழிசெயல்களைக் குறிப்பிட்டன. மார்பகங்களைப் பற்றித் திருகியமையும் ஆடைகளைக் களைய முயன்றமையும் அவற்றிற் பதிவாகியுள்ளன. அக்காலச் சமூகத்தில் மத்தியதர வர்க்கப் பெண்ணொருத்தி இவற்றை எழுத்தில் ஒப்புக்கொடுப்பது எளிதான செயலன்று. 1911 பெப்ருவரியில் மகஜர் வெளியானது. பகிரங்க விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்ச்சில் மறுத்தார்.

லான்ஸ்பரி 1910 டிசெம்பரில் பாராளுமன்றம் புகுந்தது இப்பின்னணியிலேயாகும். கிழக்கு இலண்டனின் போ–புரொம்லித் தொகுதி அவருடையது. வறியோர் மிகுந்த பொப்லர்ப் பகுதியில் வறியோர் நிவாரணச் சபையில் நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். இலண்டன் மாநகராட்சிப் பகுதிச் சபைக்கு 1889இல் ஜேன் கொப்டன் போட்டியிட்டு வென்றபோது தேர்தல் முகவராய் நின்றவரும் அவரே. ஆதலால் 1912இன் சீற்றம் கணநேர ஆவேசமன்று.

அவ்வாண்டு நவம்பரில் அவர் தமது ஆசனத்தைத் துறந்து, பெண்கள் வாக்குரிமையை ஒரே விடயமாக முன்வைத்து இடைத்தேர்தலைச் சந்தித்தார். கட்சி அவருக்கு உத்தியோகபூர்வ ஆதரவளிக்கவில்லை. உதவ வந்த பெண்கள் அமைப்புகளிடையேயும் பிரசாரத்தில் ஒற்றுமை குன்றியிருந்தது. பழைமைவாதக் கட்சியின் பிளெயர் 4,042 வாக்குகளும் லான்ஸ்பரி 3,291 வாக்குகளும் பெற்றனர். இம்முடிவைத் தந்திரோபாயத் தவறென்று கூறுவோருளர், கூற்றில் உண்மையுமுண்டு. தொழிலாளர் இயக்கத்துடன் கலந்து முடிவெடுக்காது தனிமனித அறத்துணிவையே நம்பிச் செயற்பட்டமை அவரது பலவீனம். ஆனால் வாக்களித்தோர் யாவரும் ஆண்கள் என்பதை மறத்தலாகாது. எவர் பொருட்டுத் தேர்தல் நடைபெற்றதோ அவர்களுள் ஒருவர்தானும் அதில் வாக்களிக்கவில்லை. வறிய ஆண்கள் பலரும் வாக்காளர் இடாப்பில் இடம்பெறாதிருந்தனர்.

1913இல் மற்றொரு சட்டம் வந்தது. உண்ணாவிரதத்தால் நலிந்த கைதியை விடுவித்து, உடல் தேறியதும் மீளச் சிறையிலிட அது வழி செய்தது. பூனை–எலிச் சட்டம் என்றே மக்கள் அதனை வழங்கினர். அவ்வாண்டு ஏப்ரிலில் அல்பேர்ட் மண்டபத்தில் ஆற்றிய உரைக்காக லான்ஸ்பரிக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பென்ரன்வில் சிறையில் அவரும் உண்ணாவிரதமிருந்தார். நான்கு நாட்களில் விடுவிக்கப்பட்ட அவர் மீண்டும் கைதுசெய்யப்படவில்லை. அதே கிழக்கு இலண்டனில் இயங்கிய சில்வியா பாங்க்ஹேர்ஸ்ற் அவ்வாண்டின் தொடக்கத்தில் பல வாரங்கள் பலவந்தமாக உணவூட்டப்பட்டவர். பின்னர் இச்சட்டத்தின் கீழ் மீண்டும் மீண்டும் சிறை சென்றவர்.

பாராளுமன்றத்திற்கு லான்ஸ்பரி திரும்பியது 1922இலேயே. அதற்கிடையில், 1918இல், 30 வயதைக் கடந்த, சொத்துத் தகைமையுடைய பெண்கள் வாக்குரிமை பெற்றிருந்தனர். ஆண்களுடன் சமமான உரிமை 1928இலேயே கிட்டிற்று. (இலங்கையிலும் பெண்களுக்கு 30 வயதெல்லையையே டொனமூர் ஆணைக்குழு முதலில் விதந்துரைத்தது, 1931இல் அது 21ஆயிற்று.) 1910 நவம்பர் வெள்ளிக்கிழமை குறித்துக் கோரப்பட்ட பகிரங்க விசாரணையோ எந்த அரசாங்கத்தின் காலத்திலும் நடைபெறவில்லை.