பண்ணையில் விளைந்த நம்பிக்கை

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை நீளும் அந்தக் கணக்கில் முதல் பத்து ஆட்டங்களுக்குப் பெரிய மதிப்பில்லை என்பது ரசிகர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 1994 ஏப்ரல் 4 அன்று சிகாகோ கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ், டுவைட் குடன் என்ற புகழ்பெற்ற பந்து வீச்சாளரின் பந்துகளில் அடுத்தடுத்து மூன்று ஹோம் ரன் அடித்தபோது, புது நட்சத்திரம் பிறந்துவிட்டதாகவே சிகாகோ பேசியது. அந்தப் பருவம் முழுவதும் சேர்த்து அவர் அடித்தது 8. (பிறகு ஜப்பானுக்குப் போய் 464 ஹோம் ரன் அடித்தார் என்பது தனிக்கதை, ஏப்ரல் தீர்ப்பு சரிதான், நாடுதான் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம்.) ஆனால் ஏப்ரல் பேச்சில் களத்தில் நிற்பவர்களைப் பற்றியது ஒரு பங்குதான். இன்னொரு பங்கு, அந்தக் களத்துக்கு இன்னும் வந்தே சேராத இளைஞர்களைப் பற்றியது. அயோவாவிலோ டென்னசியிலோ ஒரு சிறு நகரத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் 20 வயதுப் பையனை ‘பிராஸ்பெக்ட்’ என்பார்கள். அவன் நேற்று எத்தனை முறை அடித்தான், எப்போது மேலே வருவான் என்று சிகாகோ ரசிகர் அன்றாடம் கணக்குப் பார்க்கிறார். வசந்த காலத்தில் மனித மனம் இயல்பாகவே நம்பிக்கை கொள்ளும், அதன் வெளிப்பாடுதான் இது என்று அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர்கள் உருகி உருகி எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பேச்சு ஒரு சொத்துரிமை ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. அந்த ஏற்பாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் சிறு நகரத்து ரசிகர்கள்.

1920-களின் தொடக்கத்துக்குப் போனால் இது விளங்கும். அன்று கீழ்மட்டப் போட்டிகளான மைனர் லீகுகளின் அணிகளில் பெரும்பாலானவை அந்தந்த ஊர் முதலாளிகளுக்குச் சொந்தமானவை. உச்சமட்டமான மேஜர் லீகின் அணிகள் நிர்ணய விலை கொடுத்து ஆட்டக்காரர்களைப் பறித்துக்கொள்ளும் பழைய முறையை அந்தச் சில ஆண்டுகளில் மைனர் லீக் அணிகள் ஏற்க மறுத்தன. அதனால் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதலாளி ஜாக் டன் தன் நல்ல ஆட்டக்காரர்களை விற்காமல் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது. அவருடைய அணி 1919 முதல் 1925 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இன்டர்நேஷனல் லீக் பட்டம் வென்றது. பின்னாளில் வரலாற்றின் தலைசிறந்த இடக்கை வீச்சாளர்களில் ஒருவராக எண்ணப்பட்ட லெஃப்டி குரோவ் ஐந்து பருவங்கள் பால்டிமோருக்கு வீசினார். 1924-க்குப் பிறகு பிலடெல்பியா அவரை 1,00,600 டாலர் கொடுத்து வாங்கியது. அந்தக் காலத்தில் கேட்டவர்களை வாய்பிளக்க வைத்த தொகை. அந்த ஐந்து பருவங்களிலும் பால்டிமோர் ரசிகருக்கு குரோவ் எதிர்காலம் அல்ல, நிகழ்காலம். இன்று மாலை ஆட்டத்தை வென்று தருவதற்காகவே அவர் வீசினார். பிலடெல்பியாவில் இருந்தவருக்கோ அவர் யாரோ ஒரு வெளியூர் வீச்சாளர். பேர் கேள்விப்பட்டிருக்கலாம், உரிமை கொண்டாட வழியில்லை. கிரிக்கெட் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். ஒரு கவுண்டி அணிக்கு ஆடுபவர் அந்தக் கவுண்டியின் ஆட்டக்காரர்தானே தவிர, இன்னொரு ஊர் அணிக்காக வளர்க்கப்படும் நாற்று அல்லர்.

அந்தச் சொத்துரிமை ஏற்பாட்டுக்கு முன்பே ரசிகர்கள் இளம் வரவுகளைப் பற்றிப் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசினார்கள். பயிற்சி முகாமுக்கு மார்ச்சில் வந்து இறங்கும் கிராமத்துப் பையன், அவனைப் பார்த்து வியக்கும் நிருபர், ஏப்ரலில் அவன் பல்லிளிப்பது எல்லாமே பத்திரிகைகளில் நெடுங்காலம் பழகிய கதை. ரிங் லார்ட்னர் 1914-இல் ஜாக் கீஃப் என்ற தற்பெருமைக்கார வீச்சாளரைப் படைத்தபோது படித்தவர்கள் சிரித்ததற்கு, அப்படிப்பட்டவர்களை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்ததுதான் காரணம். 1886-இல் செயின்ட் லூயிஸில் தொடங்கிய ‘தி ஸ்போர்ட்டிங் நியூஸ்’ வார இதழ் மைனர் லீக் செய்திகளையும் பக்கம் பக்கமாக வெளியிட்டது. ஆனால் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தப் பையனைப் பற்றிய பேச்சு அவன் முகாமுக்கு வந்த பிறகே தொடங்கியது. அணியில் இடம் கிடைக்காவிட்டால் அத்தோடு முடிந்தது. வார இதழில் வந்த மைனர் லீக் செய்தி, வெளியூர்ச் செய்தியாகவே படிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஒருவனைத் தொலைவிலிருந்தே பின்தொடர்ந்து, ‘இவன் நம்முடையவன்’ என்று சொல்லிக்கொள்வதற்கு அவன் உண்மையிலேயே தம் அணியின் உடைமையாக இருந்தாக வேண்டும்.

உடைமையாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி. 1919 வாக்கில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் காசில்லாத அணி. நல்ல ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க நியூயார்க்கோடு போட்டி போட முடியாது. வாங்க முடியாவிட்டால் விளைவித்துக்கொள்வோம் என்று ரிக்கி முடிவெடுத்தார். ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிராக்யூஸ் அணிகளில் ஒவ்வொன்றாகப் பங்கு வாங்கினார். நூற்றுக்கணக்கான இளைஞர்களைச் சொற்பச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்து, கீழ்மட்ட அணிகளில் போட்டு, தேறியவர்களைப் படிப்படியாக மேலே ஏற்றினார்; தேறியும் இடமில்லாதவர்களை மற்ற அணிகளுக்கு நல்ல விலைக்கு விற்றார். ‘பண்ணை முறை’ என்ற பேர் நிலைத்தது. கார்டினல்ஸ் 1926, 1931, 1934 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது. 1940-ஐ ஒட்டி 30-க்கும் மேற்பட்ட மைனர் லீக் அணிகள் அதன் கையில் இருந்தன. மற்ற அணிகளும் அதே வழியில் நடந்தன. செயின்ட் லூயிஸ் ரசிகருக்கு இப்போது ஹூஸ்டன் ஸ்கோர் வெளியூர்ச் செய்தி அல்ல, வீட்டுக் கணக்கு. ஹூஸ்டன் ரசிகரின் நிலை இதற்கு நேர்மாறு. பட்டத்தை நெருங்கும் ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய சிறந்த வீச்சாளரை மேலிடம் கூப்பிட்டுக்கொண்டால் கேட்பதற்கு ஆளில்லை.

இதைக் கேட்ட ஒரே அதிகாரி, பேஸ்பால் ஆணையர் கெனசா மவுண்டன் லேண்டிஸ். நிற வேற்றுமை விஷயத்தில் அவர் பேரைப் பெருமையாகச் சொல்ல முடியாது. பண்ணை முறை விஷயத்தில் அவர் பார்வை கூர்மையானது: ஒரு ஊரின் அணி அந்த ஊருக்காக ஆட வேண்டும் என்பது அவர் வாதம். 1938-இல், ஒரே லீகில் போட்டியிடும் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைக் கார்டினல்ஸ் மறைமுகமாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை விடுவித்தார். 1940-இல் டெட்ராய்ட் டைகர்ஸுக்கும் அதே தண்டனை. கார்டினல்ஸிடமிருந்து 1938-இல் விடுபட்டவர்களில் 19 வயது பீட் ரைசரும் ஒருவர். புரூக்ளின் அவரை அள்ளிக்கொண்டது. 1939 முகாமில் அவர் அடித்த அடியைப் பார்த்த நிருபர்கள் அவரைப் பற்றியே எழுதித் தள்ளினார்கள். நிர்வாகமோ அவரை எல்மைரா என்ற பண்ணை அணிக்கு அனுப்பிவைத்தது. 1941-இல் நேஷனல் லீக் பேட்டிங் பட்டம் அவருக்கு. லேண்டிஸ் விடுதலை செய்ததாகச் சொல்லப்பட்ட பையன் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குத்தான் போனான் என்பதிலிருந்து, ஆணையரின் போர் எவ்வளவு தூரம் வென்றது என்று தெரிந்துகொள்ளலாம்.

பண்ணை முறை இல்லாவிட்டால் பெருமந்தக் காலத்தில் மைனர் லீகுகளே அழிந்திருக்கும் என்பது ரிக்கி தரப்பின் வலுவான வாதம். 1933-இல் 14 லீகுகள்தான் மிஞ்சின. 1940-இல் 40-க்கும் மேல். மேலிடத்துப் பணம் பல அணிகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் வேறு இரண்டும் நடந்தன. 1930-இல் கான்சஸின் இண்டிபெண்டன்ஸ் நகரிலும் அயோவாவின் டெ மாய்ன் நகரிலும் விளக்கொளியில் இரவு ஆட்டம் தொடங்கியது. பகலில் வேலைக்குப் போகிறவர் மாலையில் ஆட்டம் பார்க்க முடிந்தது. மேஜர் லீக் இதைச் செய்ய 1935 ஆனது. 1933-இல் ஃபிராங்க் ஷானசி முதல் நான்கு அணிகளுக்குள் இறுதிச் சுற்று நடத்தும் முறையைக் கொண்டுவந்தார். பின்தங்கிய அணியின் ரசிகருக்கும் செப்டம்பர்வரை வேலை கிடைத்தது. இரண்டும் மைனர் லீக்காரர்கள் தங்கள் மூளையால் கண்டவை. எது எவ்வளவு காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ரிக்கிக்கே முழுப் புகழும் தருவது நியாயமில்லை. தொலைக்காட்சிதான் பிறகு சிறு நகர பேஸ்பாலைக் கொன்றது என்றும் சொல்வார்கள். 1949-இல் 59 லீகுகள், ஏறத்தாழ 4 கோடி பார்வையாளர்கள் என்று உச்சம் தொட்டு, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சரிந்ததற்கு அது பெரிய காரணம்தான். ஆனால் உள்ளூர் அணியின்மேல் பிடிப்பு ஏற்கெனவே தளர்ந்திருந்ததால்தான் பெரிய நகரத்து ஆட்டத்தைப் பெட்டியில் பார்ப்பது அவ்வளவு எளிதில் அதற்கு மாற்றாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

அந்தத் தளர்ச்சியை மின்னியாபொலிஸ் நகரில் மிக அருகிலிருந்து பார்க்கலாம். 1951 வசந்தத்தில் மின்னியாபொலிஸ் மில்லர்ஸ் அணிக்கு 20 வயது வில்லி மேஸ் ஆடினார். அது நியூயார்க் ஜயன்ட்ஸின் பண்ணை அணி. 35 ஆட்டங்களில் அவருடைய சராசரி .477. அப்படி ஒருவரை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. மே மாதக் கடைசியில் நியூயார்க் கூப்பிட்டது, போய்விட்டார். ஊரின் கொதிப்பு எந்த அளவுக்கு இருந்ததென்றால், ஜயன்ட்ஸ் முதலாளி ஹொரேஸ் ஸ்டோன்ஹாம் மின்னியாபொலிஸ் ஞாயிறு நாளிதழில் பணம் கட்டி விளம்பரம் கொடுத்து, ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தார். நியூயார்க்கில் மேஸ் முதல் 26 முயற்சிகளில் ஒரே ஒரு ஹிட் அடித்தார். நியூயார்க் ரசிகர்கள் அதையும் அலசினார்கள். ஆண்டு முடிவில் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்கே கிடைத்தது. எல்லோரும் இன்று சொல்லும் கதை நியூயார்க் கதை. அந்த விளம்பரம் மட்டும் இல்லாவிட்டால் மின்னியாபொலிஸ் இழந்தது எங்கும் பதிவாகியிருக்காது.

என் வாதத்துக்குக் கடினமான சோதனை, மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன். 1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி. புரூக்ளினின் பண்ணையான மான்ட்ரியால் ராயல்ஸுக்கு ராபின்சன் ஆடிய முதல் பருவ ஆட்டம். ஐந்து முறை பேட் பிடித்து நான்கு ஹிட், அதில் ஒன்று மூன்று ஓட்டம் தந்த ஹோம் ரன், இரண்டு தளத் திருட்டுகள், நான்கு ஓட்டங்கள். மான்ட்ரியால் 14-1. நாடெங்கும் கறுப்பின மக்கள் அவருடைய ஒவ்வொரு ஆட்டத்தையும் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற இதழ்களில் தேடித்தேடிப் படித்தார்கள். ஒரு பிராஸ்பெக்ட்டைப் பற்றிய பேச்சு இவ்வளவு பொருள்பொதிந்து வேறெப்போதும் இருந்ததில்லை. அப்போது புரூக்ளின் நிர்வாகத்தில் இருந்த ரிக்கியிடம் மான்ட்ரியால் போன்ற ஒரு பண்ணை இல்லையென்றால் அந்த ஓராண்டு முன்னோட்டமே சாத்தியமில்லை. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராபின்சன் அதற்குமுன் ஆடிய கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு டாலரும் தரவில்லை. கறுப்பின லீகுகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பண்ணைகளுக்குப் போக, சில ஆண்டுகளில் அந்த லீகுகள் காலியாயின. நிறத்தடை உடைந்தே ஆக வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அந்த உடைப்பின் கணக்கிலும் இழந்த அணிகளுக்கு ஈடு கிடைக்கவில்லை என்பதே நான் சொல்வது.

மற்றதை விரைவாகச் சொல்லிவிடலாம். 1965-இல் இளைஞர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்தது. 1981-இல் கனடாவில் ஆலன் சிம்சன் தொடங்கிய இதழ் ‘பேஸ்பால் அமெரிக்கா’ ஆனது. 1990 முதல் அது சிறந்த 100 பிராஸ்பெக்ட்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டது. 1992-இல் முதலிடம் பிடித்த பிரையன் டெய்லர் ஒரு சண்டையில் தோளைக் காயப்படுத்திக்கொண்டு, மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமலே போனார். 2015-இல் கிரிஸ் பிரயன்ட் பயிற்சி முகாமில் 9 ஹோம் ரன் அடித்தும் கப்ஸ் அவரை அயோவாவுக்கு அனுப்பி, ஏப்ரல் 17 அன்றுதான் மேலே ஏற்றியது. 172 நாள் இருந்தால் ஒரு முழுச் சேவை ஆண்டு. அவருக்குச் சேர்ந்தது 171. அந்த ஒரு நாளால் அவர் மேல் அணிக்கு இருந்த பிடி ஓராண்டு கூடியது. தடுப்பாட்டம் மெருகேற வேண்டியிருந்தது என்றது நிர்வாகம். பிரயன்ட் தொடுத்த முறையீடு 2020-இல் தோற்றது. ‘ஏன் இன்னும் கூப்பிடவில்லை’ என்று ஏப்ரலில் குமுறும் ரசிகருக்குப் பதில் ஆட்டத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. அணிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தம் இதைச் சரிசெய்ய முயன்றது: நல்ல இளைஞரைப் பருவத் தொடக்கத்திலேயே சேர்த்து, அவர் பெரிய விருது வென்றால், அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு. யார் ‘நல்ல இளைஞர்’ என்பதற்கு அளவுகோல், ‘பேஸ்பால் அமெரிக்கா’ உள்ளிட்ட மூன்று பட்டியல்களில் இரண்டிலாவது முதல் நூறுக்குள் இருப்பது. ரசிகர்கள் பேசிக்களிக்கப் பிறந்த பட்டியல், இன்று சட்டப் பத்திரத்தில் ஏறிவிட்டது.

சிறு நகரங்களின் கணக்கு 2021-இல் முடித்துவைக்கப்பட்டது. மேஜர் லீக் நிர்வாகம் பண்ணை அணிகளை 160-இலிருந்து 120-ஆகக் குறைத்தது. அப்பலாச்சியன் லீக் கல்லூரி மாணவர்களின் கோடைப் போட்டியாகிவிட்டது. மலைநாட்டுப் பயனியர் லீக் அணிகள், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்களையும் கழித்துவிடப்பட்டவர்களையும் வைத்துத் தாங்களே அணி கட்டுகின்றன. அங்கே மொன்டானாவின் பில்லிங்ஸ் ஊருக்கு ஆடுபவரை மேலிடம் உத்தரவு போட்டு இழுத்துக்கொள்ள முடியாது. ஆட்டத்தின் தரமும் முன்னைவிடக் குறைவுதான். தரம் குறைந்தாலும் தனக்காக ஆடும் அணியே ஒரு ஊருக்கு மேல் என்பேன்; கண்காட்சிப் பயிரை வேடிக்கை பார்க்க நுழைவுச்சீட்டு வாங்குவதைவிட அது எவ்வளவோ தேவலை.