தோட்டத்து டாக்டர் துறவியான வரலாறு

ஒருநாள் வகுப்பில் சுவாமி சிவானந்தரைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தேன். பால்மரம் வெட்டும் தொழிலாளியின் மகன் ஒருவன் எழுந்து, "டாக்டர் வேலையை விட்டுவிட்டு யாராவது பிச்சை எடுக்கப் போவார்களா, ஐயா?" என்று கேட்டான். பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க வேண்டுமென்று பெற்றோர் கனவு காணும் தோட்டத்தில், அது நியாயமான கேள்விதான்.

சிவானந்தரின் இயற்பெயர் குப்புசுவாமி. கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில், 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். தஞ்சையில் மருத்துவம் பயின்றார்; சில காலம் மருத்துவ இதழொன்றும் நடத்தினார். 1913-இல் கப்பலேறி மலாயா வந்து சேர்ந்தார். சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் ஜொகூர் சென்றார். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்து, கங்காணிமார் ஊரிலிருந்து ஆள் சேர்த்துவந்த காலம் அது. மலேரியாக் காய்ச்சல் லயத்துக்கு லயம் ஆளை விழுங்கியது. ஏழைகளிடம் அவர் கட்டணம் வாங்க மாட்டார். சிலருக்குக் கைச்செலவுக்கும் கொடுத்தனுப்புவார் என்பர்.

உடல்நோயைத் தீர்த்தாலும் மனிதனின் துன்பம் தீரவில்லையே என்ற எண்ணம் அவரை அரித்தது. 1923-இல் வேலையை உதறிவிட்டுத் தாயகம் திரும்பினார். காசிக்குப் போனார். மகாராட்டிரத்தில் கிடைத்ததை உண்டு, ஊர் ஊராக நடந்தார். அங்கே ஓர் அஞ்சலக அதிகாரியின் வீட்டில் சில மாதங்கள் சமையற்காரராக இருந்தார். நம் நாட்டில் டாக்டர் ஐயாவாக வலம்வந்தவர் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்! ரிஷிகேசத்துக்குப் போகச் சொன்னவர் அந்த அதிகாரிதான். 1924-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், சுவாமி விசுவானந்த சரஸ்வதியிடம் அவர் துறவு பெற்றார்.

அதன்பின் பத்ரிநாத், கேதார்நாத், கைலாசம் என யாத்திரைகள். 1936-இல் தெய்வ நெறிக் கழகம். 1950-இல் இந்தியா, இலங்கை முழுவதும் சுற்றுப்பயணம். இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள். 1963 ஜூலை 14-இல் மறைந்தார்.

இவற்றைவிட, அந்த மாணவனுக்கு நான் விரிவாகச் சொன்னது வேறொன்று. துறவியின் கையில் காசு ஏது? ஆனால் வேலையிலிருந்த நாளில் எடுத்த காப்புறுதி ஒன்று 1927-இல் முதிர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு இலட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். பத்ரிநாத் போகும் யாத்திரிகர்களும் சாதுக்களும் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் அங்கு வந்தார்கள். ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்தனுப்பிய பிறகுதான், அதைவிட நல்ல மருந்து ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. ஆள் அதற்குள் புறப்பட்டுவிட்டார். மறுநாள் விடியற்காலையில் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு, மலைப்பாதையில் மைல் கணக்கில் ஓடி, அவரைப் பிடித்து, கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.