மன்னார் வளைகுடா முத்துப்பார்களும் லண்டனின் கடற்கொள்கையும்: மிகைமீன்பிடிப்பின் ஒரு முன்வரலாறு

முன்னுரை

1883ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் தென் கென்சிங்டனில் பன்னாட்டு மீன்வளக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு உரையாற்றிய உயிரியலறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, அன்றைய மீன்பிடி முறைகளைப் பொறுத்தவரை காட், ஹெர்ரிங், கானாங்கெளுத்தி போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்று அறிவித்தார். கடலியல் வரலாற்றில் பலமுறை எடுத்தாளப்பெற்ற கூற்று இது. அக்கண்காட்சி நடைபெற்ற காலத்தில், பிரித்தானிய அரசுக்கு வருவாய் தந்து வந்த ஒரு தமிழ்க்கடல் ஏற்கெனவே பலமுறை வெறுமையுற்று மீண்டிருந்தது. தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட முத்துப்பார்களே அவை.

அப்பார்களின் வரலாறு பொதுவாக வணிக வரலாறாகவோ, பரதவர் சமூக வரலாறாகவோ எழுதப்பெற்றுள்ளது. கடலுயிர்களும் அவற்றின் வாழிடமும் மிகைப்பிடிப்பால் அடைந்த நிலையை அறிவதற்கும் அது முதன்மைச் சான்றாகும். ஆண்டுதோறும் மாறும் கடல்விளைவின்மீது மாறாத வருவாயை எதிர்பார்த்ததே பார்களின் மீட்சியைக் கெடுத்த பெரும்பிழை என்பதும், அப்பிழை வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

பார்களும் அவற்றின் காலமும்

கொற்கை முத்தின் சிறப்பை மதுரைக்காஞ்சி, அகநானூறு முதலிய சங்க நூல்கள் குறிப்பிடுகின்றன. பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பைக் கிரேக்க மொழியிலமைந்த பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலும் பதிவு செய்துள்ளது. ஈராயிரம் ஆண்டுகள் நீடித்த இத்தொழிலில் முத்து ஆண்டுதோறும் கிடைத்ததில்லை. குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளைவிட நிகழாத ஆண்டுகளே மிகுதி.

இதற்குரிய காரணம் சிப்பியின் வாழ்வியலில் உள்ளது. கடலடியிலுள்ள பாறைத்திட்டுகளையே மீனவர் ‘பார்’ என்பர். முத்துச்சிப்பியின் குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பின்னர் ஒரு பாரில் தம் நார்களால் ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகளில் அவை குளிக்கத்தக்க முதிர்ச்சி அடைகின்றன. அதற்கு முன் எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். நெடுங்காலம் விட்டுவைத்தால் சிப்பி மடிந்து, முத்தும் மணலில் சிந்திவிடும். ஆகவே குளிப்புக்குரிய காலம் குறுகியது. அக்காலத்திலும் அனைத்தையும் வாரிவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் குஞ்சு பொரிக்கத் தாய்ச்சிப்பிகள் எஞ்சமாட்டா. எப்போது குளிப்பது, எவ்வளவை விட்டுவைப்பது என்னும் இரு வினாக்களே முத்துச் சலாபத்தின் அடிப்படை அறிவாக விளங்கின.

இவ்வறிவு ஐரோப்பிய ஆட்சியினருக்கும் தெரிந்ததே. 1803இல் லண்டனில் வெளியான இராபர்ட் பெர்சிவலின் இலங்கை பற்றிய நூல், பார்களை மூன்று அல்லது நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி என முறைவைத்துக் குளிக்கும் வழக்கத்தை விளக்குகிறது. சிப்பி வளர இடைவெளி தருவதே இதன் நோக்கம் என்பதையும் அவர் தெளிவுபடுத்துகிறார். வயலைத் தரிசு போடும் உழவனின் அறிவுக்கு இணையானது இது.

1796 முதல் 1798 வரை

டச்சுக்காரருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் இடையே எழுந்த உரிமைப் பூசல்களால், 1768க்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் இலங்கைப் பக்கப் பார்களில் குளிப்பு நிகழவில்லை. அரசியல் தகராறு கடலுக்கு ஓய்வாக அமைந்தது. 1795-96இல் ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றியபோது, பார்கள் சிப்பிகளால் நிறைந்திருந்தன.

1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து குளிப்பு நடத்தப்பெற்றது. 1797, 1798 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் வருவாய் கிடைத்தது. அடுத்த ஆண்டே அது பன்மடங்கு சுருங்கியது. நெடிய ஓய்வின் விளைவாகத் திரண்ட செல்வத்தை, ஆட்சியாளர் ஆண்டு வருவாயின் அளவாகக் கொண்டுவிட்டனர். முதல் ஆளுநர் பிரடெரிக் நார்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென்றே அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடுகள் இன்றும் கடலரிப்புக்கு உள்ளாகி நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிப்பில்லா இடைவெளிகள் நீண்டன. 1837க்குப் பின் 1855 வரையும், 1892 முதல் 1902 வரையும் இலங்கைப் பார்களில் குளிப்பு நிகழவில்லை. கரையில் அவ்வாண்டுகளின் சுமை குளியாளிகள்மீது விழுந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளிகளுக்கும் உரியது. படகுரிமையாளரான சம்மாட்டியும், படகை நடத்தும் தண்டலும், கயிறு பிடிப்பவரும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர் எனக் கருதப்பெற்ற கடற்கட்டியும் அந்த ஒரு சலாபத்தை நம்பியே திரண்டனர். சலாபம் அறிவிக்கப்பெறாத ஆண்டில் அரசுக்குக் குறைந்தது வருவாய். அவர்களுக்குக் குறைந்தது வாழ்வாதாரம்.

‘வற்றாத கடல்’ என்னும் கோட்பாடு

இதே நூற்றாண்டில் லண்டனில் கடல் பற்றிய பொதுக்கொள்கை உருவாயிற்று. 1863இல் அமைக்கப்பெற்ற அரச ஆணையம், ஹக்ஸ்லியையும் உறுப்பினராகக் கொண்டு பிரித்தானிய மீன்பிடியை ஆராய்ந்து, 1866இல் அறிக்கை அளித்தது. திறந்த கடலில் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை நீக்குமாறு அது பரிந்துரைத்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுட் பலவற்றை நீக்கியது.

ஹக்ஸ்லியின் வாதம் இரு தூண்களில் நின்றது. இயற்கையில் மடியும் மீன்களோடு ஒப்பிட மனிதன் பிடிப்பது மிகச் சிறிது என்பது ஒன்று. மீன் குறைந்தால் ஆதாயமும் குறையும்; மீனவர் தாமாகவே விலகுவர்; மீன்வளம் மீளும் என்பது மற்றொன்று. ஆற்றில் ஏறிவரும் சால்மன் போன்றவை அழியக்கூடும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அக்கண்காட்சியிலேயே ரே லங்காஸ்டர், ஹக்ஸ்லியின் கருத்துக்கு மாறாக, பிடிக்கப்பெறும் மீன்களின் இழப்பு கடலுயிர்களின் சமநிலையைக் குலைக்கும் என வாதிட்டார்.

கண்காட்சியின் இந்தியப் பிரிவுக்கு ஆணையராக இருந்தவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராகப் பணியாற்றி, இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக உயர்ந்தவர் அவர். சிறுகண் வலைகளாலும் பொறிகளாலும் இந்திய நன்னீர்களில் மீன்குஞ்சுகள் அழிக்கப்படுவதை அவர் 1873ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்திருந்தார். ஒரே கண்காட்சியில் இருவேறு பட்டறிவுகள் அருகருகே இருந்தன. கொள்கையாக நிலைபெற்றது முதலாவதே.

‘அன்றைய முறைகள்’ என்னும் ஹக்ஸ்லியின் வரையறை அவர் பேசியபோதே காலாவதியாகத் தொடங்கியிருந்தது. நீராவி இழுவைக் கப்பல்கள் வடகடலில் அப்போதுதான் இறங்கின. 1900இல் வால்டர் கார்ஸ்டாங் வெளியிட்ட ஆய்வு, 1889 முதல் 1898 வரையிலான பத்தாண்டில் மீன்பிடித் திறன் பெருகிய அளவுக்குப் பிடிப்பு பெருகவில்லை என்றும், ஒரு படகு அலகுக்குரிய பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றும் காட்டியது. ஆதாயம் குறைந்தபோது மீனவர் விலகவில்லை. கப்பலுக்கு இட்ட முதலை மீட்க மேலும் தொலைவு சென்றனர்.

ஹெர்ட்மன் அறிக்கையும் இருபதாண்டுக் குத்தகையும்

1892 முதல் முத்துவருவாய் நின்றுபோன நிலையில், லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு அனுப்பப்பெற்றார். உதவியாளராகச் சென்ற ஜேம்ஸ் ஹார்னல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். ஹெர்ட்மனின் ஆய்வறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ்க்கடல் ஒன்றன் உயிரினங்களைக் கடற்பஞ்சு முதல் திருக்கை வரை இத்துணை விரிவாகப் பதிவு செய்த ஆவணம் அதற்கு முன் இல்லை.

மணல் மூடுதல், குஞ்சுகளின் மிகுநெருக்கம், இரைகொள்ளும் மீன்களும் நட்சத்திர மீன்களும் ஆகியவற்றைப் பார்கள் பாழாவதற்குரிய பெருங்காரணங்களாக அறிக்கை சுட்டியது. இம்முடிவு பெரிதும் ஏற்கத்தக்கதே. மிகைக்குளிப்பு ஒன்றை மட்டும் குற்றஞ்சாட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் இயற்கையாகவே நிலையற்ற ஒரு வளத்தில், எஞ்சிய தாய்ச்சிப்பிகளின் அளவே மீட்சியைத் தீர்மானிக்கிறது. இயற்கைக் காரணங்கள் வலியவை என்பது, குளிப்பில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கே சான்றாகும்.

நிகழ்ந்தது வேறு. 1903இல் தொடங்கி ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1905இல் மறிச்சுக்கட்டி முகாமில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பெற்றன. அந்த நிறைவின் உச்சத்தில், 1906இல், இலங்கைப் பார்கள் பிரித்தானிய முதலீட்டில் அமைந்த ஒரு முத்துக்குளிப்பு நிறுவனத்துக்கு 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பெற்றன. ஆண்டுக்குத்தகை 3,10,000 ரூபாய். அவ்வாண்டுச் சலாபத்தில் அரசு அலுவலராகப் பணியாற்றிய லெனார்ட் உல்ஃப், ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்பில் தமிழரும் முஸ்லிம்களும் அரபியரும் சிப்பிக் குவியல்களைப் பங்கிட்ட காட்சியைப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் எழுதினார்.

1906இலும் 1907இலும் குளிப்பு நடந்தது. அதற்குப் பின் நிறுவனத்துக்கு விளைச்சல் இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே நிறுவனம் கலைந்தது. இலங்கைப் பக்கத்தில் அடுத்த குளிப்பு 1925இல்தான் நிகழ்ந்தது. குத்தகை ஆவணம் கடலை ஆண்டுதோறும் விளையும் தோட்டமாகக் கருதியது. பார் அவ்வாறு விளைவதில்லை என்பது குளியாளிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த செய்தி. தூத்துக்குடிப் பக்கம் 1926 முதல் 1928 வரை நடந்த குளிப்புக்குப் பின், ஏறத்தாழ 27 ஆண்டு இடைவெளி கழித்து, 1955 முதல் 1961 வரை மீண்டும் சலாபம் நிகழ்ந்தது. அதுவே இந்தியப் பக்கத்தின் கடைசிக் குளிப்பு.

சலாபத்திலிருந்து இழுவை மடிக்கு

முத்துக்குளிப்பு ஓய்ந்த அதே காலத்தில் விசைப்படகும் இழுவை மடியும் இக்கடலில் பெருகின. ஏற்றுமதி இறாலின் விலை அவற்றை ஊக்கியது. குளியாளி தன் கையால் சிப்பியைத் தேர்ந்தெடுத்தான். சங்குகுளிப்பிலும் குறித்த அளவுக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே விட வேண்டும் என்னும் விதி இருந்தது. இழுவை மடிக்குத் தேர்வு இல்லை. அது கடற்புல்லையும் பவளத்தையும் கடற்பஞ்சையும் சேர்த்து வாருகிறது. விலைபோகாத சிறுமீன் ‘சங்காயம்’ என்னும் பெயரில் தீவனத்துக்குச் செல்கிறது. அடுத்த ஆண்டுகளின் மீனும் அதில் அடங்கியுள்ளது. கடற்புல் தரைகளை மேய்ந்து வாழும் ஆவுளியா அருகிவிட்டது.

காப்பு முயற்சிகள் இல்லாமலில்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகளைத் தடுத்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடை செய்தது. 2022இல் பாக் விரிகுடாவில் ஆவுளியாப் பாதுகாப்பகம் அமைந்தது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்னும் ஏற்பாடு மீனவர் மோதல்களின் விளைவாக உருவாயிற்று. பெர்சிவல் கண்ட முறைவைப்பின் நெறி இதிலும் ஓரளவு உண்டு.

ஆயினும் விசைப்படகு கடனால் இயங்குகிறது. தவணையும் டீசல் செலவும் விளைச்சலைப் பார்த்துக் குறைவதில்லை. கரைக்கடல் வெறுமையானபோது படகுகள் எல்லை தாண்டின. போர் முடிந்த 2009க்குப் பின் தம் கடலுக்குத் திரும்பிய வட இலங்கைத் தமிழ் மீனவரின் வலைகள் அப்படகுகளால் அறுபட்டன. இருகரையும் ஒரே மொழி பேசுகிறது. ஒரே மீனுக்காகப் பகைத்து நிற்கிறது. 1906ஆம் ஆண்டின் குத்தகைத் தொகையும் இன்றைய படகுத் தவணையும் கடலிடம் ஒரே கட்டளையையே இடுகின்றன: விளைந்தாலும் விளையாவிட்டாலும் இந்த ஆண்டும் தர வேண்டும்.

முடிவுரை

லண்டனின் கடற்கொள்கை இருமுறை தவறியது. முதலில் கடல் வற்றாது என்றது. அறிவியல் அதை மறுத்த பின்னரும், நிலையற்ற வளத்தை நிலையான குத்தகையாக மாற்றியது. அதே நகரம்தான் கார்ஸ்டாங்கின் ஆய்வுக்கு வழிவகுத்த விவாதத்தையும், ஹெர்ட்மனின் ஐந்து தொகுதிகளையும் நமக்கு விட்டுச்சென்றது. பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களிலும், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் குடியேற்ற அலுவலகக் கோப்புகளிலும் சலாபங்கள் பற்றிய பதிவுகள் உள்ளன. அவற்றை வருவாய்க் கணக்காக மட்டும் படிக்காமல் கடலின் உயிர்க்கணக்காகவும் படிப்பது தமிழாய்வின் கடமையாகும். எந்தப் பார் எத்தனை ஆண்டு ஓய்வுக்குப் பின் மீண்டது என்னும் செய்தி, இன்றைய தடைக்காலத்தை வகுப்போருக்கும் பயன்படும்.

முத்துப்பார்கள் உணர்த்தும் நெறி எளியது. ஓய்வில்லாத கடலில் மீட்சியில்லை. அந்த ஓய்வின் செலவைக் குளியாளிமீதும் நாட்டுப்படகு மீனவர்மீதும் சுமத்திய வரை எந்த ஓய்வும் நீடித்ததில்லை. விளையாத ஆண்டுகளில் மீனவர் வாழ வழி செய்து, தவணையையும் உரிமக் கட்டணத்தையும் கடலின் விளைவோடு இணைக்கும் ஏற்பாடே இவ்வரலாறு கோரும் சீர்திருத்தமாகும்.