கோடை விடுமுறையில் ஒரு பள்ளிக்கூடம்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய காக்கி உறை கிடைத்தது. உள்ளே ஒரு சான்றிதழ். கல்லூரி நூலகர்களுக்கான மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியை நான் முடித்ததற்கானது. பக்கத்தில் நின்ற பேத்தி படித்துப் பார்த்துவிட்டு, "லைப்ரேரியனுக்குக்கூடவா தாத்தா ட்ரெய்னிங்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரி முதல்வரும் இதையேதான் கேட்டார். நான் வேலை பார்த்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிற இடத்தில்தான், "புக் எடுத்துக் கொடுக்கறதுக்கு மூணு வாரம் என்ன சார் ட்ரெய்னிங்? சாவியை யார்கிட்ட குடுப்பீங்க?" என்ற கேள்வி! பேத்திக்கு அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வேலைக்குப் பயிற்சி தேவை என்று நம் ஊரில் முதலில் உணர்ந்தவரே, பயிற்சி இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. முடித்து, மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. வருவார் போவார் இல்லை, பேச ஆள் இல்லை. பழைய கல்லூரிக்கே ஓடிப்போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல்வரிடம் கேட்டிருக்கிறார். எப்படியும் லண்டன் போய் நூலகப் பணியைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அந்த முதல்வர் மட்டும் உடனே சரி என்றிருந்தால் நமக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் மிஞ்சியிருப்பார், அவ்வளவுதான்.

லண்டனில் அவருக்குப் பாடம் சொன்னவர் பெர்விக் சேயர்ஸ். குராய்டன் நகர நூலகத்தை நடத்திக்கொண்டே கற்பித்தவர். ரங்கநாதன் ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைப் பார்த்து, அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மை செய்யலாமென்றால் புத்தக எண்ணையும் அப்படிப் பூட்டலாமே என்று யோசித்ததும் அங்கேதான். 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அதிலிருந்து பிறந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. டூயி முறையில் கல்வியியல், சமூக அறிவியலின் 300 வரிசைக்குள் 370 என்று ஒண்டுக்குடித்தனம் இருக்கும். ரங்கநாதன் அதற்கு 'டி' என்று தனி எழுத்தே கொடுத்துத் தனிவீடு கட்டிவிட்டார். அவரும் சைதாப்பேட்டையில் படித்த வாத்தியார் அல்லவா!

1925-இல் திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அந்த வருடந்தான் நூலக அறிவியலின் ஐந்து விதிகளும் அவர் மனத்தில் உருவாயின. முதல் விதியை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய பழைய கணக்குப் பேராசிரியர் எட்வர்டு ராஸ். சிஷ்யன் தவித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, புத்தகம் இருப்பது பயன்படுவதற்குத்தானே என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைப் போகிறபோக்கில் சொன்னாராம். அவர் பணியாற்றிய கிறிஸ்தவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல்தான் நம் தாம்பரத்துக்கு வந்தது. அந்தக் கல்லூரியைத் தாண்டி ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு ராஸ் ஞாபகம் வரும்.

அந்த ஐந்து விதிகளை ரங்கநாதன் 1928 டிசம்பரில் மேடையேற்றியது எங்கே தெரியுமா? சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியில் கூடிய மாகாணக் கல்வி மாநாட்டில். நூலகமும் பள்ளிக்கூடமும் ஒட்டிப் பிறந்தவை என்பது அவர் எண்ணம்.

அடுத்த கோடையில், 1929-இல், சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இது முதல் முயற்சி என்று சொல்ல மாட்டேன். பரோடாவில் 1911-இலேயே சாயாஜிராவ் மகாராஜா அமெரிக்காவிலிருந்து போர்டன் என்பவரை அழைத்து வந்து பயிற்சி தந்தார். லாகூரில் 1915-இல் டிக்கின்சன் நடத்தினார். அங்கெல்லாம் கற்பிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார், இங்கே நம் ஆளே கற்பித்தார். கோடையைத் தேர்ந்தெடுத்ததும் கெட்டிக்காரத்தனம். பள்ளி, கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்கள் விடுமுறையில்தானே வர முடியும்? 1931-இல் பல்கலைக்கழகமே அந்தப் பள்ளியை ஏற்றுக்கொண்டது. 1937-இல் ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. 1956-இல் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்!

வேலையில் இருப்பவர்களுக்கு மறுபடி பாடம் சொல்லும் வழக்கம் பின்னால் பல கிளைகள் விட்டது. சமூக அறிவியலுக்கென்று 1969-இல் டெல்லியில் ஓர் ஆவண மையம் வந்தது. அது நூலகர்களுக்கும் வகுப்பு நடத்தியது. 1980களின் கடைசியில் பல்கலைக்கழக மானியக் குழு பல ஊர்களில் ஆசிரியப் பணியாளர் கல்லூரிகளை ஏற்படுத்தியது. கல்லூரி நூலகர்களுக்கும் அங்கே இடம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. நானும் அந்தப் பாதியில்தான்.

தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, இறங்கிப் பஸ் பிடித்துச் சேப்பாக்கம் போவேன். முதல் வாரம் கம்ப்யூட்டர். யுனெஸ்கோ இலவசமாகத் தந்த சி.டி.எஸ். ஐசிஸ் மென்பொருளில், கறுப்புத் திரையில் புத்தக விவரங்களை ஏற்றினோம். என் பக்கத்தில் உட்கார்ந்த மதுரைக்காரர், "கார்டு எழுதினாக் கையெழுத்தாவது அழகா இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிறகு கல்வியியல் கட்டுரைகளுக்கான 'எரிக்' அட்டவணையையும் அதன் சொற்களஞ்சியத்தையும் காட்டினார்கள். ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பெயரில் தேடினால் கிடைக்காது, அட்டவணை எந்தச் சொல்லை ஏற்றிருக்கிறதோ அதில்தான் கேட்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. அந்த வருடம் ஒரு எம்.எட். மாணவி, பெண் குழந்தைகள் பள்ளியைப் பாதியில் விடுவதைப் பற்றி ஆய்வு செய்ய, இரண்டு மாதமாக என்னிடம் வந்து வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தாள். இல்லாதது புத்தகம் என்று நினைத்திருந்தேன். இல்லாதது சரியான சொல்.

ஒரு நாள் அடையாறு காந்தி நகரில், மால்கம் ஆதிசேசையா 1971-இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனோம். அலமாரி நிறைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகள், மாவட்டக் கையேடுகள், குழு அறிக்கைகள், தைத்துக்கூட முடிக்காத ஆய்வுத்தாள்கள். கடையில் விலைக்குக் கிடைக்காத சரக்கு. அன்று வரை நான் அட்டை போட்ட புத்தகத்தை மட்டுந்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் அந்த மாணவியைக் கூப்பிட்டு அனுப்பினேன். சரியான சொற்களை எழுதிக் கொடுத்து, எங்கே போய்க் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். பத்து நாளில் ஒரு கட்டு நகல்களோடு வந்து நின்றாள். அறைமூலையில் தூசியோடு கிடந்த அறிக்கைகளையெல்லாம் எடுத்துத் துடைத்து, கோத்தாரி கல்விக்குழு அறிக்கை உட்பட, எண் போட்டு அடுக்கினேன். சில மாதம் கழித்து முதல்வர் அவசரமாக ஆள் அனுப்பினார். ஆய்வுக்குழு வருகிறது, கோத்தாரி அறிக்கையில் ஆசிரியர் கல்வி பற்றிய பகுதி உடனே வேண்டுமாம். பத்து நிமிடத்தில், துண்டுச்சீட்டு வைத்து மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுத்தபோது உடனே கையெழுத்துப் போட்டார். "மத்தியானச் சாப்பாடு அங்கேயே போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.