மேட்டுநிலத்தில் யாருக்கு வீடு? கத்ரீனாவுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸில் நகரும் புறநகரும்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தபோது நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. காற்றும் மழையும் செய்த சேதத்தைவிட, கால்வாய்களின் தடுப்புச் சுவர்கள் உடைந்ததால் வந்த சேதமே பெரிது. பழைய எல்லை முழுவதிலும் வீடுகளை மீண்டும் எழுப்புவதா, ஆற்றோர மேட்டுநிலத்தில் நெருக்கமாகக் கட்டிக்கொண்டு தாழ்ந்த பகுதிகளைக் கைவிடுவதா என்ற கேள்வி, நீர் வடிவதற்குள் எழுந்துவிட்டது. அந்த விவாதத்தை நிபுணர்களின் அறிவுக்கும் மக்களின் ஊர்ப்பற்றுக்கும் நடந்த மோதலாகவே பலரும் எழுதிவந்திருக்கிறார்கள். அது பிழையான வாசிப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம். நெருக்கமான நகரம் என்ற யோசனையில் நியாயம் இருந்தது. ஆனால் மேட்டில் வீடு தருவதாக யாரும் சொல்லாமலேயே தாழ்நிலத்தவரை எழுந்துபோகச் சொன்னார்கள். அதனால்தான் அது தோற்றது.

யோசனையின் நியாயத்தை முதலில் பார்க்க வேண்டும். மிசிசிப்பி ஆறு பெருக்கெடுக்கும்போதெல்லாம் கனமான வண்டலைக் கரையருகிலேயே இறக்கிவிட்டு, மெல்லிய களியை மட்டும் தொலைவுக்குக் கொண்டுபோகும். ஆகவே இங்கே ஆற்றங்கரைதான் மேடு. ஆற்றை விட்டு விலக விலக நிலம் தாழ்ந்து சதுப்பாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரம் பெரும்பாலும் அந்த மேட்டிலேயே அடங்கியிருந்தது. 1913இல் பொறியாளர் பால்ட்வின் வுட் வடிவமைத்த திருகுப் பம்புகள் சதுப்பை வற்றவைக்க, வடக்கே இருக்கும் ஏரியின் கரை வரை மனைகள் போடப்பட்டன. நீர் இழுக்கப்பட்ட சதுப்பு மண் காற்றுப்பட்டு மக்கிச் சுருங்கும். ஒருமுறை சுருங்கியது மீண்டும் எழாது. லேக்வியூ, ஜென்டில்லி போன்ற பேட்டைகள் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கியது இப்படித்தான். வீட்டின் அமைப்பும் கூடவே மாறியது. பழைய பகுதிகளில் உள்ள நீண்டு ஒடுங்கிய ‘ஷாட்கன்’ வீடுகள் செங்கல் தூண்களின்மேல் இரண்டு மூன்று அடி உயரத்தில் நிற்பவை. தெருவில் தேங்கும் நீர் தரைப்பலகைக்கு அடியிலேயே ஓடி வடிந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த புறநகர்ப் பாணி வீடுகளில் பெரும்பாலானவை மண்ணின்மேல் நேரடியாக ஊற்றிய கான்கிரீட் தளத்தில் எழுந்தவை. அவற்றுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தாலே சுவர்ப்பலகைகளைப் பெயர்த்தெறிய வேண்டும். புவியியலாளர் ரிச்சர்ட் காம்பனெல்லாவின் கணக்குப்படி, நகரின் குடியிருப்புப் பரப்பில் பாதி கடல்மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கிறது. அந்த மேட்டில் 1960இல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2000இல் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. மேட்டில் இடமிருந்தது என்பது இதிலிருந்து தெளிவு.

அந்த மேடு காலியானதற்குக் காரணம் மண்ணில் இல்லை. 1960இல் பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கத் தொடங்கியதும் வெள்ளையர் குடும்பங்கள் பக்கத்து பாரிஷ்களான (லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள்) செயின்ட் பெர்னார்டுக்கும் ஜெஃபர்சனுக்கும் பெருமளவில் பெயர்ந்தன. 1956இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 38 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரிப்பாலம் ஏரியின் வடகரையையும் புறநகராக்கியது. நகர எல்லைக்குள்ளேயே கிழக்கு நியூ ஆர்லியன்ஸின் கான்கிரீட் தள வீடுகளில், பின்னாளில் கறுப்பின நடுத்தர வர்க்கம் குடியேறியது. வங்கிக் கடனுக்கும் வேலைக்கும் நெடுங்காலம் தடை இருந்த ஒரு சமூகத்துக்கு, அந்த வீடு ஒரு தலைமுறையின் மொத்தச் சேமிப்பு. 2006 ஜனவரியில் மேயரின் மறுசீரமைப்புக் குழு தன் திட்டத்தை வெளியிட்டது. பூங்காக்களாக மாறக்கூடிய இடங்களை உள்ளூர் நாளிதழின் வரைபடம் பச்சை வட்டங்களால் காட்டியபோது, அந்தச் சேமிப்புகளின்மேலும் வட்டங்கள் விழுந்தன. திரும்பி வருவோம் என்பதைச் சில மாதங்களுக்குள் ஒவ்வொரு பேட்டையும் மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் சிதறிக்கிடந்தவர்களிடம் கேட்கப்பட்ட மெய்ப்பு அது. எதிர்ப்பு வெடித்தது, மேயர் பின்வாங்கினார்.

வீடிழந்தோர் கையில் பிறகு வந்த பணம் இந்தக் கோணலைப் பெரிதாக்கியது. லூசியானா அரசின் ‘ரோடு ஹோம்’ திட்டம் புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, மறுகட்டுமானச் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை அடிப்படையாக வைத்து, அதிகபட்சம் 1,50,000 டாலர் கொடுத்தது. ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள். இரண்டையும் சீராக்க 1,40,000 டாலர் ஆகும் என்று கொள்வோம். லேக்வியூவில் சந்தை மதிப்பு அதற்கு மேல் இருப்பதால் செலவு முழுவதும் கணக்கில் ஏறும். கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் மதிப்பு 80,000 என்றால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். மரமும் ஆணியும் கூலியும் இரண்டு தெருக்களிலும் ஒரே விலைதான். வழக்குத் தொடரப்பட்டு, 2011இல் அது சமரசத்தில் முடிந்தது.

‘விற்க விரும்பியவர்களிடம் அரசே வாங்கிக்கொண்டதே, மக்கள்தான் விற்கவில்லை’ என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான், பெரும்பாலோர் பழைய மனையிலேயே கட்டினார்கள். ஆனால் விற்றவர் எங்கே போவது? மூழ்காத பகுதிகளில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில், 2007 டிசம்பரில், நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளை இடிக்க நகர மன்றம் ஒருமனதாக ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 4,500 வீடுகள் போயின. அவை எல்லாம் மேட்டில் இருந்தவை அல்ல. அவற்றுள் ஒன்றான செயின்ட் பெர்னார்ட் குடியிருப்பு (அதே பெயருள்ள பாரிஷ் வேறு) ஆழமாகவே மூழ்கியது. பராமரிப்பின்றிச் சீரழிந்திருந்தன, வறுமையை ஒரே இடத்தில் குவித்தன என்ற குற்றச்சாட்டிலும் பொருளுண்டு. ஆனால் அவை பழைய நகரின் நடுவிலோ அருகிலோ இருந்த உறுதியான செங்கல் அடுக்குமாடிகள். தரைத்தளம் நனைந்த இடத்திலும் மேல்மாடிகள் நனையவில்லை. அடர்த்தியான குடியிருப்பே பாதுகாப்பு என்று திட்ட அறிக்கையில் எழுதிக்கொண்டு, இருந்த அடர்த்தியை இடித்து, ஏழைகளுக்கு முன்பைவிடக் குறைந்த வீடுகளைத் தந்ததற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

வீடிழந்தவர்களைப் புறநகர் ஏற்றுக்கொண்டிருக்கலாமே என்றால், அது கதவைச் சாத்தியது. செயின்ட் பெர்னார்ட் பாரிஷ் 2006இல் தனிவீடுகளை இரத்த உறவினருக்கு மட்டுமே அனுமதியின்றி வாடகைக்கு விடலாம் என்று சட்டம் இயற்றியது. வீட்டு உரிமையாளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையராக இருந்த இடத்தில் அதன் விளைவு என்னவென்று விளக்கத் தேவையில்லை. அது வழக்கில் நிற்காது என்றானதும் அடுக்குமாடிகளுக்குத் தடை வந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் அதையும் இனப்பாகுபாடு என்றது. மண் அமைப்பில் லேக்வியூவுக்குச் சற்றும் குறையாத தாழ்நிலமான மெட்டேரியைப் பச்சை வட்டம் எதுவும் தொடவில்லை. அது ஜெஃபர்சன் பாரிஷில் இருக்கிறது; நகரக் குழுவின் அதிகாரம் அங்கே செல்லாது. நீருக்கு இல்லாத எல்லை திட்டத்துக்கு இருந்தது.

இன்னொரு ஆட்சேபம் பொறியியல் சார்ந்தது. 14.5 பில்லியன் டாலர் செலவில் புதிய கரைகளும் மதகுகளும் கட்டப்பட்டுவிட்டதால் தாழ்நிலம் பாதுகாப்பானது, எனவே இந்த விவாதமே பழையது என்பார்கள். 2021இல் ஐடா புயலை அவை தாங்கின. ஆனாலும் கரைக்கு உள்ளே மண் தொடர்ந்து இறங்குகிறது. கனமழை பெய்தால் பம்புகள் மட்டுமே கதி. ஐடாவுக்குப் பின் காப்பீட்டு நிறுவனங்கள் பல திவாலாயின, பல வெளியேறின, பிரீமியம் ஏறியது. பச்சை வட்டம் சட்டத்தால் செய்ய முயன்றதைக் காப்பீட்டுக் கட்டணம் இப்போது ஓசையின்றிச் செய்கிறது, இழப்பீடோ மாற்று வீடோ இல்லாமல்.

மேட்டுநிலமோ சுற்றுலாப் பயணிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நகரம் 2017இல் குறுகியகால வாடகைக்குச் சட்ட அனுமதி தந்தபின், பழைய பேட்டைகளான ட்ரெமேயிலும் மேரினியிலும் தூண்மேல் நிற்கும் வீடுகள் வார இறுதி விருந்தினர் விடுதிகளாயின. 2019இல் விதித்த உரிமையாளர் குடியிருப்பு நிபந்தனையை 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2000இல் 4,84,674ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 3,83,997. அதன்பின் மீண்டும் சரிகிறது. கைவிட வேண்டிய மனைகளைப் பட்டியலிடுவதற்கு முன், மேட்டில் நிரந்தர வாடகைக் குடியிருப்புக்கென்று பொதுநிலத்தை ஒதுக்கி, அங்கே முதல் உரிமையைத் தாழ்நிலத்து மக்களுக்குத் தருவது 2006இலும் இயலக்கூடியதாகவே இருந்தது. இன்று நிலத்தின் விலை கூடியிருக்கிறது. வேலையின் வரிசை மாறவில்லை.